பண்ணைக் குட்டை: கடப்பாரை போடுவதற்கு முன்

(திருவண்ணாமலையில் விவசாயிகள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வேலைக்கு எவ்வளவு முன்னதாக ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதைத் திருவண்ணாமலைக்காரர்களுக்கு வெளியூர்க்காரர் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. 2024-ஆம் ஆண்டில் மகா தீபம் டிசம்பர் 13-ஆம் தேதி ஏற்றப்பட்டது. அதற்கான பந்தக்காலை செப்டம்பர் மாதத்திலேயே நட்டுவிட்டார்கள். தேர்களைச் சரிபார்ப்பது, கொப்பரையை மலைமேல் ஏற்றுவது, நெய்க்கும் திரிக்கும் ஏற்பாடு செய்வது எல்லாம் அந்த ஒரு மாலை 6 மணியிலிருந்து பின்னோக்கி எண்ணி நடக்கின்றன. அந்த மணி யாருக்காகவும் தள்ளிப் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நம் நிலத்தில் செய்யும் வேலைகளில் மட்டும் இந்தக் கணக்கை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். கையில் பணம் வந்த அன்று வேலையைத் தொடங்குகிறோம். அல்லது பக்கத்து ஊரில் பொக்லைன் வண்டி நிற்கிறது, வாடகை குறைத்துத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மறுநாள் காலையில் அதைக் கொல்லைக்குள் இறக்கிவிடுகிறோம். இன்று நான் பேச வந்தது பண்ணைக் குட்டை வெட்டுவதைப் பற்றி. வெட்டும் முறையை விட, வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

இந்த மாவட்டத்துக்குப் பண்ணைக் குட்டை புதிதல்ல. 2022-ஆம் ஆண்டில், நூறு நாள் வேலைத் திட்டத்தின் ஆட்களைக் கொண்டு, திருவண்ணாமலை மாவட்டத்தில் 30 நாட்களில் 1,121 பண்ணைக் குட்டைகள் வெட்டப்பட்டன. செய்தித்தாள்கள் அதைச் சாதனை என்று எழுதின. முப்பது நாள் என்பது மண் வெட்டிய நாட்களின் கணக்கு. எந்த ஊரில், எந்தச் சர்வே எண்ணில், எந்த மூலையில் குட்டை வரப்போகிறது, யார் யார் வேலைக்கு வருவார்கள் என்பதெல்லாம் முன்பே முடிவாகாமல் அப்படி ஒரு வேகம் வந்திருக்காது. அரசு செய்தாலும், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் தனியாகச் செய்தாலும், இந்தப் பகுதி ஒன்றுதான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அங்கே ஒரு குட்டை சரியாக வராவிட்டால் ஆயிரத்தில் ஒன்று போயிற்று. உங்களுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அதிலும் பலர் அதை நகையை அடகு வைத்து வெட்டுகிறார்கள்.

குட்டை வேலை ஐப்பசியில் தொடங்குகிறது

கடப்பாரை விழுவது சித்திரையில். ஆனால் வேலை தொடங்குவது அதற்கு முந்திய ஐப்பசியில். காரணம் எளியது. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதை மழை பெய்யும்போதுதான் பார்க்க முடியும். கோடையில் நிலத்தைப் பார்த்து, "தண்ணீர் இந்தப் பக்கமாகத்தான் வரும்" என்று சொல்பவர் பாதி உண்மையைத்தான் சொல்வார். நல்ல மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். மேட்டு நிலத்திலிருந்து வரும் தண்ணீர் எந்த வரப்பை உடைக்கிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்த்து, அந்த இடங்களில் ஒரு கல்லை நட்டு வையுங்கள். சுண்ணாம்பு தெளித்தால் அடுத்த மழையில் கரைந்துவிடும். கல் நிற்கும்.

இதோடு 40 பக்க நோட்டு ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் முதல் பக்கத்தில் நீங்கள் எழுத வேண்டியது ஒரே ஒரு கேள்விக்கான பதில். குட்டையில் வரும் தண்ணீரை நிறுத்தி வைக்கப் போகிறீர்களா, நிலத்துக்குள் இறக்கப் போகிறீர்களா?

இரண்டும் வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரே குட்டை இரண்டையும் நன்றாகச் செய்யாது. ஆடிப் பட்டத்தில் விதைத்த மானாவாரி மணிலா, அதாவது நம் மல்லாட்டை, விழுது இறங்கும் சமயத்தில் மழை நின்றுபோனால் ஒரு தண்ணீர் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், குட்டை கசியக் கூடாது. அடியில் களிமண் இருக்க வேண்டும். இல்லையென்றால் களிமண் கொண்டுவந்து கெட்டித்தோ, தார்ப்பாய் விரித்தோ கசிவை அடைக்க வேண்டும். உங்களுக்குத் திறந்த கிணறு இருந்து, அது மாசியிலேயே அடி காட்டுகிறது, அதில் ஊற்று ஏற வேண்டும் என்பது நோக்கமானால், குட்டை கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். அது கசியத்தான் வேண்டும். அதில் தார்ப்பாய் விரிப்பது வீண் செலவு. மீன் விட வேண்டும் என்றால் வேறு கணக்கு. குறைந்தது ஆறு மாதம் ஒரு மீட்டருக்குக் குறையாமல் தண்ணீர் நிற்க வேண்டும். நம் மானாவாரிக் கொல்லைகளில் பலவற்றுக்கு இது எட்டாது. வெறும் ஆசையில் மீன் என்று எழுதாதீர்கள்.

நோக்கத்தை முதலில் முடிவு செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தைப் பார்க்கலாம். 2016-ஆம் ஆண்டில் அந்த மாநில அரசு, கேட்ட விவசாயிகளுக்கெல்லாம் பண்ணைக் குட்டைக்கு மானியம் கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மழை நீரைப் பிடிக்கத்தான் திட்டம். பல இடங்களில் விவசாயிகள் பெரிய பெரிய குட்டைகளாக வெட்டி, தார்ப்பாய் விரித்து, கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து அவற்றை நிரப்பினார்கள். மண்ணுக்குள் பத்திரமாக இருந்த தண்ணீரை மேலே கொண்டுவந்து வெயிலுக்குக் காட்டியதுதான் மிச்சம். பக்கத்துக் கிணறுகளும் இறங்கின. வெட்டியவர்கள் விவரம் இல்லாதவர்கள் அல்ல. மானியம் எதற்கு என்பதும் குட்டை எதற்கு என்பதும் ஆளுக்கு ஒன்றாக இருந்ததால் வந்த வினை அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நோட்டின் இரண்டாவது பக்கம் கணக்குக்கு. நம் பக்கத்தில் பலரும் கேட்கும் அளவையே எடுத்துக்கொள்வோம். மேலே 20 மீட்டர் சதுரம், ஆழம் 2 மீட்டர். பக்கங்களைச் செங்குத்தாக வெட்ட முடியாது. முதல் மழையிலேயே சரிந்து குட்டைக்குள் விழும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் சரிவு வைக்க வேண்டும். அப்படியானால் அடியில் 14 மீட்டர் சதுரம்தான் கிடைக்கும். மொத்தம் 584 கன மீட்டர், அதாவது 5 லட்சத்து 84 ஆயிரம் லிட்டர். மிகைநீர் வெளியேறும் வழியைத் தரைமட்டத்துக்கு அரை அடி கீழே வைக்க வேண்டியிருப்பதால், நடைமுறையில் நிற்பது சுமார் 525 கன மீட்டர். வெயிலில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகப் போனால், இரண்டு மாதத்தில் நூறு கன மீட்டருக்கு மேல் குறையும். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச ஏறத்தாழ 200 கன மீட்டர் வேண்டும். ஆக, கசிவே இல்லாத குட்டையானால், இரண்டு மாதம் கழித்து ஒரு ஏக்கருக்கு இரண்டு தண்ணீர் கிடைக்கும். அதுதான் அதன் பலன். இந்த இரண்டு தண்ணீர் ஒரு வெள்ளாமையைக் காப்பாற்றும். ஆனால் மூன்று ஏக்கர் நெல்லுக்கு இதை நம்பாதீர்கள்.

இது நிறையுமா என்பது அடுத்த கணக்கு. நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை. அது தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவங்களிலும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்து வருகிறது. மணற்பாங்கான செம்மண்ணில் பெய்ததில் பத்தில் ஒரு பங்கு ஓடி வரும் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கரிலிருந்து ஒரு பருவத்துக்கு 200 கன மீட்டர் வரும். நம் குட்டை ஒரே பருவத்தில் நிறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் வடிநிலம் வேண்டும். அது உங்கள் நிலமாகவும் இருக்கலாம், மேட்டில் இருக்கும் அடுத்தவர் நிலமாகவும் இருக்கலாம். அவ்வளவு இல்லாதவர்கள் சின்னதாக வெட்டுங்கள். 12 மீட்டர் சதுரத்தில் ஒன்றரை மீட்டர் ஆழம் வெட்டினால் 145 கன மீட்டர் வரும். அரை ஏக்கர் காய்கறிக்கு அது போதும். பாதி நிரம்பிய பெரிய குட்டையை விட முழுதும் நிரம்பிய சின்னக் குட்டை மேல். வெட்டுக் கூலியும் குறைவு, ஆவியாவதும் குறைவு.

மூன்றாவது கணக்கைத்தான் பெரும்பாலோர் போடுவதில்லை. 20 மீட்டர் சதுரம் என்றால் 400 சதுர மீட்டர், பத்து சென்ட் என்று நினைக்கிறோம். குட்டையின் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் இடம் விட்டுத்தான் கரை போட வேண்டும். விளிம்பிலேயே மண்ணைக் குவித்தால் மழையில் அது திரும்ப உள்ளே போகும். கரை ஒரு மீட்டர் உயரம், தலைப்பில் ஒரு மீட்டர் அகலம் என்றால் அடியில் 4 மீட்டர் அகலம் பிடிக்கும். இரண்டு பக்கமும் சேர்த்துப் பாருங்கள். 20 மீட்டர் 30 மீட்டர் ஆகிவிட்டது. 900 சதுர மீட்டர், அதாவது 22 சென்ட். பத்து சென்ட் கொடுக்க மனதைத் தயார் செய்தவர், பாதி வேலையில் 22 சென்ட் போவதைப் பார்த்துக் கரையைக் குறுக்குகிறார். அங்கேதான் குட்டையின் ஆயுளும் குறைகிறது. தண்ணீர் வரும் மேட்டுப் பக்கத்தில் கரை வேண்டியதில்லை. மூன்று பக்கம் போதும். அப்படியும் இருபது சென்ட்டுக்கு இடம் ஒதுக்காமல் தொடங்காதீர்கள்.

மண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. வெட்டிய மண் உப்பும். 584 கன மீட்டர் வெட்டினால் 700 கன மீட்டர் அளவுக்குக் குவியும். டிராக்டர் டிப்பரில் ஏற்றினால் 250 லோடு வரை வரும். மூன்று பக்கக் கரைக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடப் போகாது. மீதியை எங்கே போடப் போகிறீர்கள்? மேல் ஒரு அடி மண்ணைத் தனியாக எடுத்து, வெள்ளாமை நிலத்தில் பரப்பிவிடுங்கள். அதுதான் உங்கள் சத்துள்ள மண். கீழே வரும் சரளையையும் மக்கிய பாறையையும் பாதைக்கும் களத்து மேட்டுக்கும் போடலாம். மண்ணை அனுமதி இல்லாமல் வெளியே விற்க முடியாது. வண்டியோடு பிடித்துவிடுவார்கள். ஆகவே அதை வரவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சோதனைக் குழி

தை பிறந்ததும் சோதனைக் குழி ஒன்று போட வேண்டும். குட்டை வரப்போகும் இடத்தின் நடுவில் ஒரு மீட்டர் சதுரத்தில், குட்டையின் ஆழத்தை விட அரை மீட்டர் கூடுதலாக வெட்டிப் பாருங்கள். ஆழம் கூடக் கூட ஓரம் இடியலாம். அதனால் தனியாக யாரும் உள்ளே இறங்கக் கூடாது. மேலே ஒருவர் நிற்க வேண்டும். இரவில் குழியைப் பலகையோ முள்ளோ போட்டு மூட வேண்டும்.

எந்த ஆழத்தில் எந்த மண் என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு குழியில் பாதி அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் இரண்டு நாள் இறக்கத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். காய்ந்த மண் குடிப்பது அது. மீண்டும் நிரப்பி, மூன்றாம் நாள் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு அடி இறங்குமானால் 2 மீட்டர் குட்டை ஒரு வாரத்தில் காலியாகும். அப்போது முதல் பக்கத்தில் எழுதிய பதிலுக்குத் திரும்புங்கள். கிணற்றுக்கு ஊற்று என்று எழுதியிருந்தால் இது நல்ல இடம். நிறுத்தி வைக்க என்று எழுதியிருந்தால் இடத்தை மாற்றுங்கள், அல்லது தார்ப்பாய்க்குப் பணம் வையுங்கள். ஒன்றரை மீட்டரில் பாறை தட்டினால் வெடி வைக்க நினைக்க வேண்டாம். ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டலாம். இரண்டு ஆள் கூலியில் இந்தக் குழி சொல்லும் சேதியை, பொக்லைன் வண்டி சொன்னால் மணிக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டியிருக்கும்.

காகிதமும் பங்காளியும்

மாசி மாதம் காகித வேலைக்கு. சிட்டா, அடங்கல், புலப்படம் மூன்றையும் எடுத்து வையுங்கள். புலப்படத்தில் ஓடைப் புறம்போக்கு ஏதாவது குறுக்கே போகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் நில அளவரிடமும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஏரிக்குப் போகும் வரத்துக்காலை மறித்துக் குட்டை வெட்டுவது சட்டப்படியும் தவறு, ஊருக்கும் துரோகம். உங்கள் குட்டைக்கு வர வேண்டியது உங்கள் வடிநிலத்து நீர்தான், ஏரியின் பங்கு அல்ல.

கூட்டுப் பட்டாவாக இருந்தால் பங்காளிகள் அத்தனை பேரின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக "வெட்டிக்கோ அண்ணே" என்று சொன்ன தம்பி, பாதி வெட்டிய பிறகு ஊரிலிருந்து வந்து, "என் பங்கில் ஏன் பள்ளம்?" என்று கேட்டால் வேலை அன்றே நின்றுவிடும். பாதியில் நின்ற குட்டை வெறும் நிலத்தை விட மோசம். உழவும் முடியாது, தண்ணீரும் நிற்காது. அண்டை நிலத்துக்காரரிடமும் முன்பே பேசுங்கள். மிகைநீர் யார் நிலத்தின் வழியாக வெளியே போகும் என்பதை அவரோடு நடந்து போய்க் காட்டி முடிவு செய்யுங்கள். கரை முழுதும் எழும்பிய பிறகு பேசப் போனால் அது பேச்சாக இருக்காது.

மானியத் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. வேளாண் பொறியியல் துறை அலுவலகத்துக்கு நேரில் போய், அந்த ஆண்டு என்ன திட்டம் இருக்கிறது, அளவு என்ன, வேலைக்கு முன் பார்வையிட வேண்டுமா, பணம் எப்போது வரும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். வேலை முடிந்த பிறகு வரும் பணத்தை வைத்து வேலையைத் தொடங்க முடியாது. இடையில் யார் தாங்குவது என்பதற்கு நோட்டில் பதில் இருக்க வேண்டும்.

கையில் உள்ள முழுப் பணத்தையும் மண் வெட்டுவதற்கென்று ஒதுக்காதீர்கள். நான்கில் ஒரு பங்கை எடுத்துத் தனியே வையுங்கள். வருவாயில் கல் பதிக்க, கலங்கல் கட்ட, வேலி போட அது வேண்டும். நான் பார்த்த குட்டைகளில் கெட்டுப்போனவை பெரும்பாலும் வெட்டுக் குறைந்து கெட்டவை அல்ல. வெட்டி முடித்ததும் பணம் தீர்ந்து, இந்த மூன்றும் "அடுத்த வருஷம்" என்று தள்ளிப் போய்க் கெட்டவை.

எதை முதலில் வெட்டுவது?

பங்குனிக் கடைசியில் முளையடிக்கலாம். நான்கு மூலை முளைகளையும் அடித்த பிறகு மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். 20 மீட்டர் சதுரத்துக்கு இரண்டு மூலைவிட்டமும் 28.3 மீட்டர் இருந்தால் சதுரம் சரி. பிறகு கொத்தனார்கள் வைத்திருக்கும் தெளிவான ரப்பர் குழாயில், குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி மட்டம் பாருங்கள். தண்ணீர் உள்ளே வரும் வாயை விட வெளியே போகும் வாய் அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் எதிர்த்து ஏறி, வந்த வழியிலேயே உங்கள் பயிரில் நிற்கும்.

இனி வெட்டு. வழக்கமாக நடுவில் பள்ளம் தோண்டித் தொடங்குவார்கள். நான் சொல்வது வேறு. முதல் மண்வெட்டி, தண்ணீர் வெளியேறும் கலங்கலில் விழட்டும். கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். குட்டையே இல்லாதபோது மிகைநீர் எங்கிருந்து வரும் என்பார்கள். நம் வேலை நடக்கும் சித்திரை, வைகாசியில் கோடை மழை உண்டு. ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போகும் மழை அது. வழி இல்லாத தண்ணீர், நேற்றுப் போட்ட கெட்டிப்படாத கரையைத்தான் முதலில் உடைக்கும். மழையின் வேகத்தை நம் ஊர் மறக்காது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், இந்த மலையின் சரிவிலேயே மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. அதில் குழந்தைகளும் உண்டு. நம் குட்டை சின்னதுதான். ஆனால் போக வழியில்லாத தண்ணீரின் குணம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

கலங்கலுக்கு அடுத்து உள்ளே வரும் வாய். அதற்கு முன்னால் ஒரு வண்டல் குழி. இரண்டு மீட்டர் சதுரம், ஒரு மீட்டர் ஆழம் இருந்தால் போதும். ஓடி வரும் மண் அதில் தங்கிவிட்டு, தெளிந்த நீர் குட்டைக்குப் போகும். இதை விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் குட்டையே வண்டல் குழியாகிவிடும்.

அதன் பிறகு குட்டையை ஒரு மூலையில் முழு ஆழத்துக்கு வெட்டிக்கொண்டு போகாமல், பரப்பு முழுவதையும் ஒரு மீட்டர் ஆழத்துக்கு முதலில் இறக்குங்கள். சரிவு வெட்டு என்பதால் மேல் ஒரு மீட்டரில் மட்டும் 343 கன மீட்டர் கிடைக்கிறது. கீழ் மீட்டரில் 241 தான். அதாவது பாதி ஆழத்திலேயே ஏறக்குறைய அறுபது சதவீதக் கொள்ளளவு வந்துவிடும். இந்தக் கட்டத்தில் வண்டி பழுதானாலும், ஆள் வராவிட்டாலும், பணம் தட்டினாலும், உங்கள் கையில் இருப்பது பாதி வேலை அல்ல, ஆழம் குறைந்த ஒரு முழுக் குட்டை. கலங்கல் இருக்கிறது, வருவாய் இருக்கிறது, கரை இருக்கிறது. மழை வரட்டும், பிடித்துக்கொள்ளும். மீதி ஒரு மீட்டரை அடுத்த கோடையில் இறக்கலாம். வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும்போது, எந்தக் கட்டத்தில் நின்றாலும் அதுவரை செய்தது பயன் தருமாறு பிரிக்க வேண்டும் என்பது இதனால்தான். பணம் முழுதும் கையில் உறுதியாக இருப்பவர்கள் ஒரே மூச்சில் முடிப்பது நல்லது. வண்டியை இரண்டாம் முறை வரவழைத்தால் வாடகை கூடும்.

ஆட்களை வைத்து வெட்டினால் ஒருவர் ஒரு நாளில் சுமார் இரண்டு கன மீட்டர் வெட்டி வெளியே போடுவார். 584 கன மீட்டருக்கு முந்நூறு ஆள் கூலி. பத்துப் பேர் என்றால் முப்பது நாள். இந்த வேலையைக் கன மீட்டர் கணக்கில் பேசுங்கள். ஆங்காங்கே மண் திட்டு ஒன்றை வெட்டாமல் விட்டு வைத்தால், எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. கடைசியில் எடுத்துவிடலாம். பொக்லைன் வண்டி என்றால் மணிக்கணக்கு. வண்டியில் ஓடும் மணி மீட்டரைக் காலையிலும் மாலையிலும் ஓட்டுநரையும் வைத்துக்கொண்டு எழுதுங்கள். இரண்டு வகையிலும் சொல்வதற்கு ஒரே ஒருவர்தான் இருக்க வேண்டும். அப்பா ஒரு அகலம், மகன் ஒரு அகலம், மச்சான் ஒரு அகலம் சொன்னால் வண்டிக்காரர் தன் வசதிப்படி வெட்டிவிட்டுப் போவார்.

கரையில் கொட்டும் மண்ணை அரை அடி, அரை அடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, டிராக்டரை ஓட்டியோ திமிசு போட்டோ கெட்டிப்படுத்துங்கள். முடிந்ததும் ஆனி, ஆடி மழையில் கரையில் புல் பதியுங்கள். கொழுக்கட்டைப் புல் ஆகும். கரைமேல் பெரிய மரம் வேண்டாம். வேர் வழியாகக் கசியும்.

வேலியைக் கடைசியில் சொல்வதால் அது கடைசி வேலை என்று நினைக்காதீர்கள். தண்ணீர் வருவதற்கு முன்பே அது நிற்க வேண்டும். கிராமத்தில் பள்ளி விடுமுறைக் காலமும் குட்டை நிறையும் காலமும் சில ஆண்டுகளில் சேர்ந்தே வரும். இரண்டு மீட்டர் தண்ணீர் பெரியவரையே மூழ்கடிக்கும். தார்ப்பாய் விரித்த சரிவில் கால் வைத்தால் ஏறி வர முடியாது, வழுக்கும். ஆகவே சுற்றிலும் கிளுவையோ முள்வேலியோ போடுங்கள். ஒரு பக்கம் படி வெட்டுங்கள். நான்கு மூலையிலும் முடிச்சுப் போட்ட கயிற்றை ஆழமாக நட்ட கம்பத்தில் கட்டி உள்ளே தொங்கவிடுங்கள். ஆடு விழுந்தாலும் பிள்ளை விழுந்தாலும் பிடித்து ஏற ஏதாவது இருக்க வேண்டும். இந்தச் செலவு முதல் நாள் போட்ட கணக்கிலேயே இருக்க வேண்டும்.

தண்ணீர் வருவதற்கு முன் குட்டையின் நடுவில் ஒரு கல் தூணை நட்டு, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக வண்ணம் பூசி வையுங்கள். குட்டை நிறைந்த நாளையும், பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். வாரத்துக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் குறைந்தால் அது வெயில் குடித்தது. அதற்கு மேல் குறைவதெல்லாம் கசிவு. இரண்டு மாதம் எழுதிய பிறகு அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். தார்ப்பாய் வேண்டுமா, களிமண் போதுமா, அப்படியே விட்டுக் கிணற்றுக்கு ஊற்றாக வைத்துக்கொள்ளலாமா என்று அதைப் பார்த்துச் சேர்ந்து முடிவு செய்யலாம்.